பலவீனத்திலே பலம்: சந்தேகமும் சோர்வும் இருக்கும்போது இதை நடைமுறையில் எப்படிப் பிடித்துக்கொள்வது?

சிறுமந்தை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தை வரிசையாகப் படித்து வருகிறோம். 12ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் காலையில் படுக்கையை விட்டு எழவே தெம்பில்லாத ஒருவர் இந்த வசனத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டால், யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் சிக்கல் யாக்கோபு 1:6, 7. சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன், அவன் கர்த்தரிடத்தில் எதையாகிலும் பெறலாமென்று நினைக்கக்கூடாது என்று அங்கே இருக்கிறது. அப்படியானால் சந்தேகத்தோடு ஜெபிப்பதே வீணா? அடுத்தது, பெலன் கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடம்பும் மனசும் முன்பு இருந்தபடியே இருக்கும்போது "கர்த்தர் பெலப்படுத்தினார்" என்று சாட்சி சொல்வது உண்மையாகுமா? மூன்றாவது, ஜெபிக்க வார்த்தையே வரவில்லை என்கிறவர்களுக்குக் கையில் எதைக் கொடுப்பது?

குழுவில் ஒருவர் ஞாயிறு பள்ளியில் கற்பிப்பதை விட்டுவிடப் போகிறேன் என்கிறார். மனதில் இவ்வளவு சந்தேகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாய்மாலம் என்பது அவருடைய வாதம். இன்னொருவர், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது அவிசுவாசமா என்று கேட்கிறார்.

"எல்லாம் நன்மைக்கே" போன்ற பதில்களைக் கேட்டுக் கேட்டு அவர்கள் களைத்துப்போனார்கள். செய்யக்கூடியது எதுவோ, வசனம் உண்மையில் சொல்வது எதுவோ, அதைச் சொல்லுங்கள்.

---

பெரோயா:

சகோ. சிறுமந்தை, முதல் இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

யாக்கோபு 1:6ஐ 5ஆம் வசனத்திலிருந்து பிரித்து வாசிப்பதால்தான் பாதிப் பயம் வருகிறது. 5ஆம் வசனம் தேவனை எப்படி அறிமுகப்படுத்துகிறது பாருங்கள்: யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர். குறைவுள்ளவனைத்தான் கேட்கச் சொல்கிறார். பிறகு 8ஆம் வசனத்தில் அந்தச் சந்தேகப்படுகிறவனை "இருமனமுள்ளவன்" என்கிறார். அதே சொல்லை 4:8இல் மறுபடியும் பயன்படுத்துகிறார். அங்கே பேச்சு உலக சிநேகத்தைப் பற்றியது, தேவனையும் வேண்டும், அவருக்கு எதிரானதையும் விடமாட்டேன் என்கிற மனதைப் பற்றியது. ஆக, யாக்கோபு கண்டிப்பது பிளவுபட்ட விசுவாசத்தை, இரண்டு பக்கமும் காலை வைத்திருப்பதை. தேவனைத் தவிரப் போக வேறு இடமில்லை, ஆனாலும் மனம் நடுங்குகிறது என்பவர் வேறு நிலையில் இருக்கிறார்.

அந்த வேறு நிலைக்கு மாற்கு 9ஐப் பாருங்கள். அசுத்த ஆவி பிடித்த பிள்ளையின் தகப்பன் முதலில் "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் கேட்கிறான். பிறகு 24ஆம் வசனத்தில், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிடுகிறான். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. அவனுடைய அவிசுவாசம் தீர்ந்த பிறகு வா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை அன்றைக்கே சுகமாகிறான். அவிசுவாசத்தையே ஒரு ஜெபக்குறிப்பாக எடுத்துவரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை. மத்தேயு 28:17ஐயும் சேர்த்து வாசியுங்கள். உயிர்த்தெழுந்தவரைக் கண்டு பணிந்துகொண்ட அதே கூட்டத்தில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்றிருக்கிறது. சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற மகா கட்டளை அந்தக் கூட்டத்துக்குத்தான் கொடுக்கப்பட்டது, சந்தேகப்பட்டவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டு அல்ல.

எனவே கூட்டத்தில் ஒருவரைச் சோதிக்க வேண்டுமானால், சந்தேகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். தேவனிடமே கொண்டுபோனால் அது மாற்கு 9. தேவனிடமிருந்து நழுவுவதற்கு அதைச் சாக்காக வைத்தால்தான் யாக்கோபு 1 பேசத் தொடங்குகிறது.

இரண்டாவது கேள்வி, பெலன் கிடைத்ததென்று எப்படித் தெரியும் என்பது. 12ஆம் அதிகாரத்தில் பவுலுக்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். தன் மாம்சத்திலே ஒரு முள் என்று அவர் சொல்லும் உபாதை நீங்கவில்லை. மூன்றுதரம் கேட்டார். கெத்செமனேயில் ஆண்டவரும் அந்த வார்த்தைகளையே சொல்லி மூன்றாந்தரம் ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு 26:44இல் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேட்டது நீக்கப்படவில்லை, இரண்டு இடத்திலும் கேட்டவர் தொடர்ந்து நடந்தார். பெலன் என்பது முள் வலிக்காமல் போவது என்று எதிர்பார்ப்பவர், கிடைத்ததையும் கிடைக்கவில்லை என்றே எண்ணிக்கொண்டிருப்பார்.

அடையாளங்களைப் பவுலே 2 கொரிந்தியர் 4:8, 9இல் கொடுத்திருக்கிறார். நெருக்கப்பட்டும் ஒடுங்கிப்போகிறதில்லை, கலக்கமடைந்தும் மனமுறிவடைகிறதில்லை, துன்பப்படுத்தப்பட்டும் கைவிடப்படுகிறதில்லை, கீழே தள்ளப்பட்டும் மடிந்துபோகிறதில்லை. நான்கிலும் முதல் பாதி உண்மையாகவே நடக்கிறது. கலக்கம் இருக்கிறது. தள்ளப்பட்டு விழுந்தும் கிடக்கிறார். பெலன் தெரிவது இரண்டாம் பாதியில் மட்டும். ஆகவே "உடம்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடிந்தது, அவரை விட்டு விலகவில்லை" என்று சொல்வது முழுமையான சாட்சி. அதற்கு மேல் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தில் கட்டாயம் திருத்த வேண்டிய ஒரு தவறு உண்டு. 1 கொரிந்தியர் 10:13ஐ எடுத்து, "தேவன் தாங்க முடியாத பாரத்தைத் தரமாட்டார்" என்று நொந்திருப்பவரிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த வசனம் பாவத்துக்கு இழுக்கிற சோதனையைப் பற்றியது. அதற்கு முந்தின வசனங்களில் விக்கிரகாராதனையும் வேசித்தனமும் முறுமுறுப்பும் வரிசையாக வருகின்றன. பாரத்தைப் பற்றிப் பவுல் சொல்வது 2 கொரிந்தியர் 1:8இல்: ஆசியாவில் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" உண்டாயிற்று, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று. காரணத்தையும் 9ஆம் வசனத்தில் சொல்கிறார்: தங்கள்மேல் நம்பிக்கையாயிராமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கத்தக்கதாக. பலத்துக்கு மிஞ்சியது வரவே வராது என்று கற்றுக்கொண்டவர், அது வந்ததும் இரண்டே முடிவுகளில் ஒன்றுக்கு வருவார்: நான் விசுவாசியே இல்லை, அல்லது தேவன் பொய் சொன்னார். இரண்டும் தவறான போதனையின் விளைவு.

பிலிப்பியர் 4:13க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதற்கு முன்னால் தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த "எல்லாம்" இவைதான். அடுத்த வசனத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை: "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பியர் அனுப்பிய உதவி பவுலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கிறிஸ்துவின் பெலனைப் பற்றி எழுதிய கையோடு, மனிதர் செய்த உதவியையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறார்.

---

ஏலீம்:

ஜெபிக்க வார்த்தை வராதவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதற்கு வருகிறேன்.

சங்கீதம் 13ஐக் கொடுங்கள். மொத்தம் 6 வசனம், மெதுவாக வாசித்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. அதன் அமைப்பு பழகுவதற்கு எளிது. 1, 2 முறையீடு: "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 3, 4 விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6 நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

இதையே எழுதும் பயிற்சியாக மாற்றலாம். ஒரு தாளில், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கி இரண்டு வரி. அடுத்து, இன்றைக்கு மட்டும் தேவையான ஒரே ஒரு காரியம், ஒரு வரி. கடைசியாக, தேவன் செய்தது அல்லது தேவனுடைய குணம் ஒன்று, ஒரு வரி. நான்கு வரியோடு நிறுத்திவிட வேண்டும். பத்து நிமிஷம் போதும்.

இதில் எங்கே தவறுகிறார்கள் என்றால், பெரும்பாலும் முதல் பகுதியில். முறையிடுவது முறுமுறுப்பு ஆகிவிடுமோ என்று பயந்து, நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவுவார்கள். மனம் ஒத்துழைக்காது, இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தது தேவனைப் பற்றி, ஒருவரோடொருவர். சங்கீதக்காரன் பேசுவது தேவனிடம், முகத்துக்கு நேரே. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இரண்டாவது தவறு விண்ணப்பத்தைப் பெரிதாக்குவது. "என் வாழ்க்கையை மாற்றும்" என்று எழுதினால், பதில் வந்ததா என்று மாலையில் பார்க்க வழியே இல்லை. "இன்று 11 மணிக்கு அவரோடு பேச வேண்டும், கோபப்படாமல் பேச உதவும்" என்று எழுதினால் பார்க்கலாம். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கத்தான் ஆண்டவர் கற்றுக்கொடுத்தார். மன்னாவும் அந்தந்த நாளுக்குத்தான். மறுநாளுக்கு எடுத்துவைத்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது, ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. அடுத்த மாதத்துக்கான பெலனை இன்றே உணர வேண்டும் என்று தேடுகிறவர் சோர்ந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்றாவது தவறு, கடைசி வரியை உணர்ச்சியால் நிரப்பப் பார்ப்பது. உணர்வு வராவிட்டால் ஒரு நிகழ்வை எழுதுங்கள். "நீர் பேதுருவைத் தண்ணீரில் பிடித்தீர்" என்பது போதும். அந்த இடத்தில் (மத்தேயு 14:30, 31) பேதுருவின் ஜெபம் "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பது மட்டுமே. இயேசு முதலில் கையை நீட்டிப் பிடிக்கிறார், "ஏன் சந்தேகப்பட்டாய்" என்ற கேள்வி பிடித்த பிறகுதான் வருகிறது.

நான்கு வரிகூட முடியாத நாட்கள் இருக்கும். அந்த நாட்களுக்கு மாற்கு 9:24ஐ அப்படியே சொல்லலாம், காலை ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை. அதுவும் முடியாவிட்டால் ரோமர் 8:26 இருக்கிறது: ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார். சும்மா உட்கார்ந்திருப்பதும் அங்கே ஜெபமாக எண்ணப்படுகிறது. ஆனால் இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். வார்த்தை இல்லாத நாளிலும் அதே நாற்காலியில் அதே நேரத்துக்கு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால், வார்த்தை திரும்பும்போது வந்து சேர ஒரு இடம் இருக்கும்.

வேதவாசிப்பைப் பொறுத்தவரை, வருஷத்தில் முழு வேதாகமமும் முடிக்கும் அட்டவணையை இப்படிப்பட்டவர்களிடம் திணிக்காதீர்கள். விட்டுப்போன நாட்களின் பாக்கியே புதிய குற்றவுணர்வாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, சத்தமாக, இரண்டு முறை. மாற்கு சுவிசேஷத்தை இப்படித் தொடங்கலாம்.

---

எஃகுவாள்:

இந்தப் போக்கு எனக்குச் சம்மதமில்லை. பலவீனம் பலவீனம் என்று பேசிக்கொண்டே இருந்தால் பலவீனம்தான் வளரும். ரோமர் 4:19இல் ஆபிரகாம் தன் சரீரம் செத்துப்போனதை எண்ணாதிருந்தான் என்று இருக்கிறது. யோவேல் 3:10இல் "பலவீனனும் தன்னைப் பலவான் என்று சொல்வானாக" என்றிருக்கிறது. வாயினால் விசுவாச அறிக்கை செய்ய வேண்டும், குறையைச் சொல்லக்கூடாது. பவுலின் முள்கூட ஒரு கண்நோய்தான், அது ஒரு தனிப்பட்ட விஷயம். அதை எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டாம்.

---

பெரோயா:

சகோ. எஃகுவாள், ஆபிரகாமின் இடத்தை ஆதியாகமம் 17:17ஓடு சேர்த்து வாசியுங்கள். முகங்குப்புற விழுந்து நகைத்து, நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமோ, தொண்ணூறு வயதான சாராள் பிள்ளை பெறுவாளோ என்று தன் இருதயத்திலே சொல்லிக்கொள்கிறான். இரண்டு பேருடைய வயதையும் கணக்குப் போட்டுப் பார்த்தவன்தான் அவன். அடுத்து இஸ்மவேலைப் பற்றித் தேவனிடம் விண்ணப்பமும் வைக்கிறான். அப்படியிருந்தும் ரோமர் நிருபம் அவனை விசுவாசத்தில் வல்லவன் என்கிறது. "எண்ணாதிருந்தான்" என்பதற்கு, அந்தக் கணக்கு அவனுடைய முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பதே பொருந்துகிற அர்த்தம். கணக்கு இருந்தது, வாக்குத்தத்தம் அதைவிடப் பெரிதாக நின்றது.

யோவேல் 3:10 நியாயத்தீர்ப்பின் யுத்தத்துக்கு ஜாதிகளை அழைக்கிற சவால். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், "புறஜாதிகளுக்குள்ளே" கூறச் சொல்லியிருக்கிறது. மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடிக்கச் சொல்வதும் அதே வசனம்தான். சோர்ந்த விசுவாசிக்கு எழுதின ஆலோசனையாக அதை எடுக்க இயலாது.

முள் கண்நோய் என்பது ஒரு ஊகம். கலாத்தியர் 4:15இல் கண்களைப் பிடுங்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று வருவதிலிருந்து எழுந்தது. வேறு ஊகங்களும் உண்டு: காய்ச்சல், பேச்சுக் குறை, எதிராளிகள். இன்னதென்று பவுல் எழுதவில்லை, அதனாலேயே எந்த முள்ளோடு இருப்பவரும் அந்தப் பதிலைத் தனக்குரியதாக வாசிக்க முடிகிறது.

குறையைச் சொல்லக்கூடாது என்ற விதியைப் பவுலே மீறுகிறார். 2 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பசி, குளிர், கப்பற்சேதம், சபைகளைக் குறித்த கவலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, தமஸ்குவில் கூடையில் வைத்து ஜன்னல் வழியாய் இறக்கப்பட்டுத் தப்பியதில் முடிக்கிறார். நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. உண்மையைச் சொல்லக்கூடாது என்ற சபையில், உள்ளவர்களுள் மிகவும் நொந்தவர்தான் முதலில் மௌனமாவார். பிறகு வராமல் போவார்.

---

திருப்பாடல்88:

நான் கத்தோலிக்கன், எங்கள் மரபிலிருந்து ஒன்றைச் சொல்லலாமா? ஞாயிறு பள்ளியை விட நினைக்கிற ஆசிரியருக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில் (1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தது) முதல் வாரத்துக்கென 14 விதிகள் இருக்கின்றன. ஆன்ம வறட்சியில் இருப்பவர் எப்படி நடக்க வேண்டும் என்பது அவற்றின் மையம். ஐந்தாவது விதி: வறட்சிக் காலத்தில் எந்த மாற்றமும் செய்யாதே. அதற்கு முந்தைய நாளில், மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தில் உறுதியாக நில். காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆறுதல் நிலையில் நல்ல ஆவி வழிநடத்துவது போல, வறட்சியில் தீய ஆவி ஆலோசனை சொல்கிறது, அந்த ஆலோசனையைக் கேட்டுச் சரியான வழிக்கு வர முடியாது.

ஆறாவது விதி இதன் மறுபக்கம். பணியையும் தீர்மானத்தையும் மாற்றாதே, ஆனால் வறட்சிக்கு எதிராக உன்னை மாற்றிக்கொள்: இன்னும் கொஞ்சம் செபம், தியானம், தன்னாய்வு, தகுந்த அளவில் தவம். வறட்சி நேரத்தில் குறித்த ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே செபத்தில் இருக்கும்படி வேறோரிடத்தில் சொல்கிறார், சீக்கிரம் எழுந்து போகத் தூண்டும் சோதனையை வெல்வதற்காக. (நோயாளிகளுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. ஏலீம் சொன்ன ஐந்து நிமிடம் அவர்களுக்குச் சரி.)

ஒன்பதாவது விதி வறட்சிக்கு மூன்று காரணங்களைக் கூறுகிறது. நம்முடைய அசட்டை ஒன்று. ஆறுதல் என்ற கூலி இல்லாமலும் எவ்வளவு தூரம் அவருக்குப் பணிபுரிவோம் என்று நம்மைச் சோதித்தறிவது இரண்டு. ஆறுதல் நம் சொத்தல்ல, கொடை என்று நாம் உள்ளூர உணர்வது மூன்று. மூன்றில் ஒன்றுதான் நம் தவறு. வறட்சி வந்தவுடன் "என்ன பாவம் செய்தாய்" என்று கேட்கிறவர்கள் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே அந்த ஆசிரியருக்கு: இந்த நிலையில் விலகல் முடிவு வேண்டாம். வேலைப்பளுதான் பிரச்சினை என்றால் உதவிக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், அது விலகல் ஆகாது. வகுப்பில் தனக்கு உறுதியில்லாததை உறுதியாகத் தெரிந்ததுபோல் சொல்ல வேண்டாம், திருச்சபை இதை நம்புகிறது என்று சொல்லிக் கற்பித்தால் அதில் மாய்மாலம் இல்லை. 13ஆவது விதிப்படி, தன் சந்தேகத்தை விவரமறிந்த ஒருவரிடம் திறந்து சொல்லிவிட வேண்டும். சோதனை மறைவிலிருக்கும்வரை பலமாக இருக்கும், வெளிப்பட்டதும் வலுவிழக்கும் என்பது இஞ்ஞாசியாரின் கணிப்பு.

வறட்சி எவ்வளவு காலம் நீடிக்கும் என்று கேட்பார்கள். காலக்கெடு சொல்லாதீர்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் இருளோடு வாழ்ந்தது தெரியவந்தது. 1997இல் இறக்கும்வரை பணியை அவர் விடவில்லை. என் பெயருக்குக் காரணமான திருப்பாடலும் ஆறுதல் வரி எதுவுமில்லாமல்தான் முடிகிறது. எங்கள் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு அதையே வைத்திருக்கிறார்கள். சொல்லில் ஒளி வராத இரவிலும் திருச்சபை உங்களோடு சேர்ந்து செபிக்கிறது என்று அதற்குப் பொருள்.

---

சூரைச்செடி:

மாத்திரைக் கேள்விக்கு மட்டும். மனநலத் துறையில் வேலை, விசுவாசியும்கூட.

அவிசுவாசம் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி நேரிட்ட பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதியதும் அவரே. ஜெபமும் பராமரிப்பும் அவரிடம் மோதவில்லை.

1 இராஜாக்கள் 19ஐ வரிசை மாறாமல் வாசித்துப்பாருங்கள். எலியா சாகும்படி கேட்கிறான். முதலில் தூக்கம். பிறகு தூதன் தட்டி எழுப்புகிறான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கப்படுகின்றன. மறுபடியும் படுக்கை. இரண்டாம் முறையும் சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற காரணத்தோடு. நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குச் சேர்ந்த பிறகுதான் அமர்ந்த மெல்லிய சத்தம். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியும் அங்கேதான், தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிறகுதான். உதவிக்கு எலிசாவும் கொடுக்கப்படுகிறான், இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்பதும் சொல்லப்படுகிறது.

மருத்துவரிடம் எப்போது அனுப்புவது? நாளின் பெரும்பகுதி மனம் துவண்டிருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமை, அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல். கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, ஓயாத அசதி, அளவுக்கு மீறிய குற்றவுணர்வு. இவை சேர்ந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு ஆகியவையும் இதேபோன்ற அசதியைக் கொடுக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். மருந்து வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலனில்லை என்றோ, சாட்சி சொல்ல வேண்டும் என்றோ தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக்கேடு வரலாம். குறைப்பதும் மருத்துவர் சொல்படிதான்.

சாக வேண்டும் என்ற எண்ணத்தை யாராவது சொன்னால், அந்த நாளே செயல்பட வேண்டும். "தற்கொலை எண்ணம் வருகிறதா, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. அவரைத் தனியே விடாமல், மருத்துவமனைக்கோ உதவி எண்ணுக்கோ கூடவே இருந்து கொண்டுசேருங்கள். வெறும் ஜெபக்குறிப்பாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சபைகளில் அடிக்கடி தவறவிடப்படும் இன்னொன்று இருக்கிறது. ஒருவர் அதே பாவத்துக்கு ஒரு நாளில் பலமுறை மன்னிப்புக் கேட்கிறார். ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறினால் முதலிலிருந்து தொடங்குகிறார். மன்னிக்க முடியாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று போதகரை மாற்றி மாற்றிக் கேட்கிறார். இது ஓசிடி என்னும் எண்ணச்சுழற்சி நோயின் ஒரு வடிவமாக இருக்கலாம். இங்கே ஒவ்வொரு முறையும் "இல்லை, மன்னிப்பு உண்டு" என்று உறுதிகூறுவதே நோயை வளர்க்கும். அந்த நிம்மதி சிறிது நேரத்தில் தீர்ந்து, மறுபடி கேட்கத் தூண்டும். பதற்றம் எழும்போது திரும்பக் கேட்காமல் அதைத் தாங்கிக்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, அதற்கு அனுப்புங்கள். போதகர் செய்யக்கூடியது: 1 யோவான் 1:9ஐ ஒருமுறை சேர்ந்து வாசித்து, ஒருமுறை அறிக்கையிட்டு, "இதற்கான பதிலை நாம் வாங்கிவிட்டோம்" என்று அன்போடு நிறுத்துவது. அவருடைய இருதயம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று அதே நிருபத்தின் 3:20 சொல்கிறது.

---

சிறுமந்தை:

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. கடைசியாக ஒன்று. இதைக் கூட்டத்தில் பேச வைப்பது எப்படி? எல்லார் முன்னாலும் சந்தேகத்தைச் சொல்லச் சொன்னால் சிலர் வாயே திறக்க மாட்டார்கள், சிலர் நிறுத்தவே மாட்டார்கள்.

---

ஏலீம்:

எல்லார் முன்னாலும் வேண்டாம். சங்கீதம் 73இல் ஆசாபின் கால்கள் சறுக்கப்போன சமயத்தில், அதை அப்படியே வெளியே பேசினால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று 15ஆம் வசனத்தில் நிறுத்திக்கொள்கிறான். பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்த பிறகு முழுவதையும் பாடலாக்குகிறான். யாரிடம், எப்போது என்பது முக்கியம்.

கூட்டத்தை ஒரு மணி நேரமாக வையுங்கள். முதல் பதினைந்து நிமிஷம் மாற்கு 9:14 முதல் 29 வரை சத்தமாக வாசிப்பது, விளக்கம் இல்லாமல். அடுத்த இருபது நிமிஷம், எல்லாரும் அந்த நான்கு வரியைத் தாளில் எழுதுவது, பெயர் வேண்டாம், யாரும் வாசித்துக்காட்டவும் வேண்டாம். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆணோடு ஆண், பெண்ணோடு பெண், விருப்பமுள்ளவர் தன் மூன்றாவது வரியை, அதாவது இன்றைக்கான விண்ணப்பத்தை மட்டும், மற்றவரிடம் சொல்லட்டும். கேட்பவருக்கு இரண்டு நிபந்தனை: ஆலோசனை சொல்லக்கூடாது, கூட்டத்துக்கு வெளியே பேசக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, உயிருக்கு ஆபத்தானது எதையாவது கேட்டால் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதை முன்பே எல்லாரிடமும் அறிவித்துவிடுங்கள். கேட்ட விண்ணப்பத்துக்காக மூன்று வாக்கியத்துக்கு மிஞ்சாமல் ஜெபிக்கட்டும்.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதை நீங்களே முன்கூட்டி முடிவுசெய்யுங்கள், அந்த இடத்தில் அவர்களாகத் தேர்ந்தெடுக்க விட்டால் புதிதாக வந்தவர் தனியே நிற்க நேரிடும். அடுத்த வாரம் அதே ஜோடி தொடரட்டும். அன்றைய முதல் கேள்வி, போன வாரம் கேட்டது என்னவாயிற்று என்பது. பதில் "ஒன்றும் ஆகவில்லை" என்றால் அதையும் அப்படியே சொல்ல விடுங்கள், உடனே வசனம் சொல்லி மூடாதீர்கள், பிறகு அதே விண்ணப்பத்தை இரண்டாந்தரம் வைக்கச் சொல்லுங்கள்.